இடப்பக்கச் சில்லின் காற்று

பிள்ளையின் சுகாதாரப் புத்தகத்தின் முன்பக்கங்களில் அவளுடைய எடை, உயரம், தலைச் சுற்றளவு, போட்ட தடுப்பு மருந்துகள் எல்லாம் மருத்துவரின் கையெழுத்தில் இருக்கின்றன. கடைசிப் பக்கங்களில் ஒரு வண்டியின் காற்றழுத்தம் என் கையெழுத்தில் இருக்கிறது. "இடது 3.5, வலது 3.5" என்று பிரெஞ்சில் தொடங்கி, ஒன்பது ஞாயிற்றுக்கிழமைகள். எடை பார்க்கும் இடத்தில் தாதி ஒருத்தி அந்தப் பக்கத்தைப் புரட்டிவிட்டு, இது தாய்ப்பால் கொடுத்த கணக்கா என்று கேட்டாள். ஓம் என்று சொல்லிவிட்டேன்.

உண்மையைச் சொல்ல முடியாமல் இருந்தது. நான் ஒரு மனிதரைச் சந்தேகித்துக்கொண்டிருந்தேன். அதற்கான ஆதாரங்களைப் பிள்ளையின் புத்தகத்தில் சேர்த்துக்கொண்டிருந்தேன். வேறு எந்தப் புத்தகமும் எப்போதும் என் கைப்பையில் இருப்பதில்லை.

ஓகஸ்ட் கடைசியில் நாங்கள் பழைய ரெமோர்க் ஒன்று வாங்கியிருந்தோம். எங்கள் வான் வாகனத்தின் பின்னால் கொழுவி இழுத்துப் போகிற, இரண்டே இரண்டு சில்லுகள் உள்ள சமையல் வண்டி. ஒரு பக்கத்தைத் தூக்கி முட்டுக் கொடுத்தால் அது கடையாகிவிடும். உள்ளே அடுப்பு, கழுவும் தொட்டி, தண்ணீர்த் தாங்கி, சிறிய சுடுநீர்ப் பெட்டி. என் கணவர் ரூ காய் என்ற தெருவில் ஓர் உணவகத்துக் குசினியில் வேலை செய்கிறார். லீவு கிடைக்கும் நாட்களில் விளையாட்டுப் போட்டிகளுக்கும் பழைய சாமான் சந்தைகளுக்கும் போய்க் கொத்துரொட்டியும் ரோல்சும் விற்கலாம் என்பது அவருடைய நெடுநாள் யோசனை. அவருக்குச் சம்பள வேலை இருந்ததால் வியாபாரத்தை என் பெயரில் பதிந்தோம். நான் பிள்ளையோடு வீட்டில் இருந்தேன். ஊரில் கணிதம் படித்தவள். இங்கே வந்து பிரெஞ்சும் ஒழுங்காகப் படித்தேன். படிவம் நிரப்புவதும் கடிதம் எழுதுவதும் எங்கள் வீட்டில் என் வேலைதான்.

லா சப்பலில் எங்கள் கட்டடத்தில் பிள்ளையின் தள்ளுவண்டியை வைப்பதற்கே சண்டை. வானையும் ரெமோர்க்கையும் நகருக்கு வெளியே திரான்சியில், அண்ணை இருக்கும் வீட்டு முற்றத்தில் விட்டோம். அண்ணை எங்களுக்கு உறவு இல்லை. கணவரின் குசினியில் பாத்திரம் கழுவுகிறவர். வன்னியில் இருந்து வந்து சில வருடங்கள்தான். அந்த வீட்டின் பின்னறையை வாடகைக்கு எடுத்திருந்தார். வீட்டுக்காரரிடம் பேசி முற்றத்தில் இடம் வாங்கித் தந்ததும் அவர்தான். அதனால் வண்டித் திறப்புகளில் ஒன்று அவரிடமும் இருந்தது.

அவருக்கு எங்களிடம் ஒரு தேவையும் இருந்தது. அவருடைய விசா விண்ணப்பத்துக்கு, இவருக்கு வேலை தருவேன் என்று யாராவது எழுதிக் கையெழுத்திட்ட கடிதம் வேண்டும். உணவகத்திலும், கேட்ட மற்ற இடங்களில் எல்லாம் பார்ப்போம் என்றார்கள். "யோசிக்காதையுங்கோ அண்ணை, நாங்கள் எழுதித் தருவம்" என்று என் கணவர் சொல்லிவிட்டார். நாங்கள் என்றால் நான். விசா கொடுக்கும் பிரிபெக்சூர் அலுவலகத்தில் அவருக்கு டிசம்பர் முதல் கிழமை வரச்சொல்லி ரொந்தேவூ கொடுத்திருந்தார்கள். அந்தக் கடிதம் இல்லாமல் போனால் அவருடைய கோப்பை வாங்கவே மாட்டார்கள்.

வண்டியை முதன்முதலில் வெளியே எடுப்பதற்கு முதல்நாள், அதன் முகப்பில் கட்டுவதற்குத் தேசிக்காயும் பச்சை மிளகாயும் கோர்த்தேன். கண்ணூறு என்பதை நான் நம்புகிறேனா என்று கேட்டால் தெரியாது. கோர்க்காமல் விட்டு ஏதாவது நடந்தால் என்ன செய்வது என்பதை மட்டும் நம்புகிறேன். கடையில் வாங்கிய தேசிக்காய்க்குத் தோல் தடிப்பு. மெத்தை தைக்கிற தடித்த ஊசியால் குத்திக்கொண்டிருந்தபோது ஊசி முறிந்துவிட்டது. முன்பாதியைக் காணவில்லை.

பிள்ளை அப்போதுதான் தவழத் தொடங்கியிருந்தாள். நிலத்தில் எது கிடந்தாலும் நேரே வாய்க்குத்தான் போகும். நான் அவளைத் தூக்கிக் கட்டிலில் விட்டுவிட்டுக் கம்பளத்தை உதறினேன். கூட்டினேன். குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருந்த காந்தத்தை எடுத்து நிலம் முழுவதும் உருட்டினேன். ஒரு சட்டைக் கொக்கியும் இரண்டு காகிதக் கவ்விகளும் கிடைத்தன. ஊசி கிடைக்கவில்லை. வேறு ஊசியால் மாலையை முடித்தேன். பிறகு மூன்று நாட்கள் பிள்ளையின் அணையாடையை ஒவ்வொரு முறையும் கையுறை போட்டுக்கொண்டு கிண்டிப் பார்த்தேன். கணவரிடம் சொல்லவில்லை. பிள்ளை தவழ்கிற இடத்தில் ஊசியோடு இருக்காதையும் என்று அவர் ஏற்கெனவே சொல்லியிருந்தார்.

மறுநாள் திரான்சி முற்றத்தில் சூடம் கொளுத்தித் தேங்காய் உடைத்தோம். மாலை கோர்த்து மிஞ்சிய இரண்டு தேசிக்காயை அண்ணை இரண்டு சில்லுக்கும் கீழே வைத்தார். கணவர் வானை மெதுவாக எடுக்க அவை நசுங்கின. "சரி, இனி ஒரு பிரச்சினையும் இல்லை" என்று அண்ணை கைதட்டினார். நான் பிள்ளையின் வாயைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்தக் கிழமைதான் கைபேசியில் ஒரு காணொளி பார்த்தேன். நெடுஞ்சாலையில் போகும் வண்டியின் பின்னால் இழுபடும் ரெமோர்க்கில் ஒரு டயர் வெடிக்கிறது. அது இப்படியும் அப்படியும் ஆடி, முன்னால் போன வாகனத்தையும் சேர்த்துப் புரட்டுகிறது. எங்கள் வானில் பின் இருக்கையில்தான் பிள்ளை இருப்பாள். அடுத்த நாளே சிறிய கொம்பிரசர் ஒன்றை வாங்கினேன். வானில் சிகரெட் பற்றவைக்கும் துளையில் செருகினால் உறுமிக்கொண்டு காற்றடிக்கும். அதோடு வந்த கையேட்டை இரண்டு முறை வாசித்தேன். ரெமோர்க் டயருக்குக் காருக்கு அடிப்பதைவிடக் கூட அடிக்க வேண்டும். ஓடி வந்த உடனே அளக்கக் கூடாது, ஆறியிருக்கும்போது அளக்க வேண்டும். எங்களுடையதற்கு மூன்றரை பார் அழுத்தம்.

இயந்திரத்தை திரான்சியில் விட்டுவைக்க எனக்கு மனம் வரவில்லை. யாராவது எடுத்துப் பாவித்து உடைத்துவிட்டால்? அதனால் ஒவ்வொரு ஞாயிறும் அதைத் தள்ளுவண்டியின் அடிக்கூடையில் வைத்து, பிள்ளையையும் தள்ளிக்கொண்டு, கார் து நோர் நிலையத்தில் இருந்து ரெயில் எடுத்தேன். கேட்பாரற்ற பொதிகளைக் கண்டால் அறிவிக்கும்படி ஒலிபெருக்கி சொல்லிக்கொண்டே இருக்கும். ஒருநாள் பாதுகாப்பு ஊழியர் ஒருவர் என்னை மறித்தார். கூடையில் இருந்து வெளியே தொங்கிய குழாயையும் வயரையும் காட்டி, இது என்ன மேடம் என்று கேட்டார். டயருக்குக் காற்றடிக்க என்றேன். அவர் தள்ளுவண்டியின் சக்கரங்களைக் குனிந்து பார்த்தார். அவை கெட்டி ரப்பர். வேறொரு வண்டிக்கு என்று விளக்குவதற்குள் எனக்கு வேர்த்துவிட்டது.

"உம்மை ஒருநாளைக்குக் கொண்டுபோய் உள்ளை போடப் போறாங்கள்" என்று கணவர் சிரித்தார். "அண்ணையிட்டை விட்டிட்டு வாறதுக்கு என்ன?"

"அது நல்ல மெசின்."

"அப்ப அண்ணை நல்ல ஆள் இல்லையோ?"

நான் பிள்ளையின் புத்தகத்தைக் கைப்பைக்குள் தள்ளினேன். அப்போது என்னிடம் மூன்று ஞாயிறுகளின் கணக்கு இருந்தது.

முதல் ஞாயிறு இரண்டும் மூன்றரை. இரண்டாவது ஞாயிறு வலது அப்படியே இருந்தது, இடது மூன்று. அடித்து நிரப்பினேன். மூன்றாவது ஞாயிறு இடது இரண்டு புள்ளி எட்டு. வால்வு தளர்ந்திருக்கலாம் என்று இறுக்கிப் பார்த்தேன், புது மூடி வாங்கிப் போட்டேன். இதுவரைக்கும் பழைய டயர் என்று ஆறுதல் சொல்லிக்கொள்ளலாம். நான்காவது ஞாயிறு இடது மூன்று புள்ளி எட்டு.

கீழே குந்தியிருந்து மூன்று முறை அளந்தேன். குளிரத் தொடங்கிய கிழமை அது. குளிருக்குக் காற்று சுருங்கும், அழுத்தம் குறையும். வலப்பக்கம் சொன்னபடி கொஞ்சம் குறைந்திருந்தது. இடப்பக்கம் மட்டும் நான் விட்டுப்போனதைவிடக் கூடியிருந்தது. ஒரு டயரில் இருந்து காற்றுத் தானாகப் போகலாம். தானாக ஏறாது. யாரோ கை வைத்திருக்கிறார்கள்.

அதன்பிறகு எல்லாவற்றையும் பார்க்கத் தொடங்கினேன். வண்டிமேல் போடும் படங்கை நான் இரட்டை முடிச்சுப் போட்டுக் கட்டுவேன். அது ஒற்றை முடிச்சாக இருந்தது. இழுத்துவிட்டுப் போன கைபிரேக் விடுபட்டிருந்தது. சில்லுக்கு முட்டாக வைத்த கட்டை ஒரு சாண் தள்ளிக் கிடந்தது. ரூ காயில் நான் மரக்கறி வாங்கும் கடைக்கார அக்கா, பொதியைக் கட்டிக்கொண்டே, "போன சனிக்கிழமை லா கூர்னேவுக்கை உங்கட வண்டியைக் கண்டன். ஏதோ பிறந்தநாளோ?" என்று கேட்டார். அந்தச் சனிக்கிழமை எங்கள் வண்டி எங்கேயும் போகவில்லை.

"எங்கடைதான் எண்டு வடிவாத் தெரியுமே அக்கா?"

"வெள்ளை நிறம். பக்கம் தூக்கிற மாதிரி. உங்கடை மாதிரித்தான் கிடந்தது."

ஒருவேளை அண்ணை வண்டியை வேறு யாருக்கோ வாடகைக்கு விடுகிறார். அவர்கள் ஓட்டிவிட்டு, டயர் இறங்கியிருப்பதைக் கண்டு ஏதாவது ஒரு நிலையத்தில் காற்றடித்துக் கொண்டுவந்து விடுகிறார்கள். எல்லாம் பொருந்தியது. பொருந்தியதும் எனக்குப் பயம் வந்தது. பொய்யான ஒரு மனிதருக்கு நான் எப்படி வேலை தருவதாக எழுதிக் கையெழுத்துப் போடுவது? நாளை எங்கள் பெயரில் வேறென்ன செய்வார்? கடிதம் கணினியில் தயாராக இருந்தது. அச்சடிக்கவில்லை.

"கடிதம் எழுதிட்டீரோ?" என்று கணவர் ஒவ்வொரு நாளும் கேட்டார்.

"ஒரு சொல்லுப் பாக்கோணும்."

"ஒரு சொல்லுக்கு மூண்டு கிழமையோ? அந்த மனுசன் பாத்திரத்தைக் கழுவிக்கழுவி என்ரை முகத்தைப் பாக்குது."

ஒருநாள் எல்லாவற்றையும் சொன்னேன். புத்தகத்தைத் திறந்து எண்களைக் காட்டினேன். அவர் சிரிக்காமல் கடைசி வரி வரை வாசித்து, புத்தகத்தை மூடி என்னிடம் தந்தார். அது எனக்குச் சிரிப்பைவிடக் கஷ்டமாக இருந்தது.

"நீர் இதை அவரிட்டைக் கேட்டனீரோ?"

"எப்பிடிக் கேக்கிறது?"

"கேக்கேலாட்டி நினைக்கவும் கூடாது."

அவர் வேலைக்குப் போய்விட்டார். நான் அந்த வசனத்தை நாள் முழுவதும் பிடித்துத் திட்டிக்கொண்டிருந்தேன். நினைப்பதை எப்படி நிறுத்துவதாம்?

நவம்பர் நடுவில் உறைபனி வரும் என்று சொன்னார்கள். அதற்கு முன் வண்டியைக் குளிருக்குத் தயார்செய்து மூட வேண்டும். குழாய்க்குள் தண்ணீர் நின்றால் உறைந்து விரிந்து குழாயை வெடிக்கவைக்கும். சுடுநீர்ப் பெட்டியும் போய்விடும். தாங்கியைத் திறந்துவிட்டால் மட்டும் போதாது, வளைவுகளில் நிற்கும் தண்ணீரைக் காற்றால் ஊதித் தள்ள வேண்டும். கணவருக்கு அந்த ஞாயிறு வேலை. நான் பிள்ளையோடும் கொம்பிரசரோடும் போய் இறங்கினேன். அன்று கேட்டுவிடுவது என்று ரெயிலிலேயே முடிவெடுத்தேன். திரான்சி வருவதற்குள் இரண்டு முறை அந்த முடிவை மாற்றினேன்.

அண்ணை முற்றத்தில் காத்திருந்தார். கம்பளித் தொப்பிக்கு மேல் இன்னொரு தொப்பி. பிள்ளையைக் கண்டதும், "வாங்கோ மடம், கொம்பனி முதலாளி வந்திட்டா" என்று வணக்கம் வைத்தார். அவள் அவருடைய மேல்தொப்பியைப் பறித்துக்கொண்டாள்.

என் இயந்திரத்தின் வாய் டயர் வால்வுக்கு மட்டும்தான் பொருந்தும், தண்ணீர்க் குழாய்க்குப் பொருந்தாது. அதற்கென்று ஒரு பித்தளை இணைப்பு விற்கிறார்கள். நான் வாங்கியது அளவு பிழைத்துவிட்டது. நான் அதைத் திருப்பித்திருப்பிப் பார்த்துக்கொண்டு நிற்க, அண்ணை அறைக்குள் போய்ப் பழைய ரியூப் ஒன்றில் இருந்து வெட்டிய வால்வைக் கொண்டுவந்தார். அதைத் துண்டு ரப்பர்க் குழாயில் செருகிக் கவ்வி போட்டு இறுக்கினார். மறுமுனையை வண்டியின் தண்ணீர்க் குழாயில் மாட்டினார்.

"எவ்வளவு விடலாம் தங்கச்சி?"

"ரெண்டுக்கு மேலை விடக்கூடாது. குழாய் கழண்டுபோம்."

"அப்ப நீங்கள் முள்ளைப் பாருங்கோ. நான் குழாயைப் பாக்கிறன்."

தாங்கியின் அடைப்பைத் திறந்தோம். சுடுநீர்ப் பெட்டியின் அடியில் இருந்த வாயைத் திறந்தோம். பிறகு எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டுக் காற்றை ஏற்றி, ஒவ்வொன்றாகத் திறந்தோம். முதல் குழாய் ஒரு கிழவரைப்போல இருமியது. தண்ணீரும் காற்றும் மாறிமாறித் துப்பின. பிள்ளையும் இருமிக் காட்டினாள். குழாய் திரும்ப இரும, அவள் திரும்ப இருமினாள். அண்ணை சிரித்துச் சிரித்துக் குழாயைப் பிடிக்க முடியாமல் நனைந்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. சந்தேகப்படுகிற ஆளோடு சேர்ந்து சிரிப்பது பிழையா என்று யோசித்ததில் சிரிப்பு நின்றுவிட்டது. கடைசியில் வெறும் காற்று மட்டும் வந்தது. தொட்டியின் வளைகுழாய்க்குள் நிற்கும் தண்ணீர் உறையாமல் ஒரு பிடி கல்லுப்புப் போட்டோம். குழாய்களைத் திறந்தபடி விட்டோம்.

மிச்சம் டயர். குளிர்காலம் முழுவதும் ஒரே இடத்தில் நிற்கும் வண்டிக்குக் காற்றைச் சரியாக வைத்துத்தான் மூட வேண்டும். அளந்தேன். வலது 3.3. இடது 3.9.

"அண்ணை, ஒண்டு கேக்கலாமே?"

"கேளுங்கோ."

"இந்த வண்டியை ஆரேன் எடுத்துக்கொண்டு போறவையே?"

அவர் கையில் இருந்த துணியை மடித்தார். "ஆர் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்லை. போன ஞாயிறு இந்தச் சில்லுக்கு மூண்டரை வைச்சிட்டுப் போனனான். இண்டைக்கு நாலுக்குக் கிட்ட நிக்குது. தன்ரை பாட்டிலை காத்து ஏறாதுதானே."

அவர் அறைக்குள் போனார். கோபித்துக்கொண்டு கதவைச் சாத்தப்போகிறார் என்று நினைத்துப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டேன். அவர் திரும்பி வந்தபோது கையில் காலால் மிதிக்கும் ஒரு பழைய பம்ப் இருந்தது. அதை என் முன்னால் வைத்தார்.

"இதாலை ஏறினது. இதிலை முள்ளு இல்லை. கையாலை அமத்திப் பாத்திட்டு விடுவன். கூடினதும் தெரியாது, குறைஞ்சதும் தெரியாது."

"ஏன் அண்ணை அடிச்சனீங்கள்? எனக்கு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே?"

"உண்மையைச் சொன்னா நீங்கள் கோவிக்கக்கூடாது."

"இல்லைச் சொல்லுங்கோ."

"நீங்கள்தான் காத்தைத் திறந்துவிட்டிட்டுப் போறியள் எண்டு நினைச்சனான்."

"நானோ?"

"ஓம். ஒவ்வொரு ஞாயிறும் வாறியள். அந்தச் சில்லுக்குப் பக்கத்திலை குந்தியிருக்கிறியள். உஸ்ஸெண்டு சத்தம் கேக்குது. பிறகு கொப்பியிலை எழுதுறியள். நீங்கள் போய் ரெண்டு நாளையிலை சில்லு இறங்கிப்போய்க் கிடக்கு. மற்றச் சில்லு ஒண்டும் ஆகேல்லை. நான் என்னத்தை நினைக்கிறது? கடிதம் குடுக்காமல் விடுறதுக்குச் சாட்டுத் தேடுறா, வண்டியை வடிவாப் பாக்கத் தெரியாத ஆளெண்டு எழுதி வைக்கிறா எண்டு நினைச்சன்."

அளக்கும்போது குழாயைப் பொருத்தினால் ஒரு நொடி காற்றுச் சீறும். அந்தச் சத்தத்தை அவர் பின்னறை யன்னலுக்குள் இருந்து எட்டுக் கிழமையாகக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

"அதாலைதான் நீங்கள் வாறதுக்கு முதல் சனிக்கிழமையிலை அடிச்சு வைக்கிறது. சில கிழமை வேலை கூடினா மறந்துபோம்."

"கைபிரேக்? படங்கு முடிச்சு?"

"பிடிச்சுவிட்டா ஈரத்துக்கு ஒட்டிப்போமாம். வீட்டுக்காரர் சொன்னவர். கட்டை வைச்சனான்தானே. காத்தடிக்கப் படங்கை அவிட்டாத் திரும்ப ஒரு முடிச்சுத்தான் போடுறனான்." பிறகு கொஞ்சம் நிறுத்தி, "அதையும் எழுதினனீங்களோ?" என்று கேட்டார்.

எழுதியிருந்தேன்.

இருவரும் திரும்ப டயரைப் பார்த்தோம். நான் திறந்துவிடவில்லை. அவரும் திறந்துவிடவில்லை. அப்படியென்றால் காற்று எங்கே போகிறது? அண்ணை தயிர்க் கிண்ணம் ஒன்றில் பாத்திரம் கழுவும் சவர்க்காரத்தைக் கரைத்துவந்து, பழைய பல்தூரிகையால் டயரில் பூசினார். வால்வில் ஒன்றும் இல்லை. சில்லு அரைச் சுற்று உருளும்படி வண்டியை இருவரும் தோளால் தள்ளினோம்; மீதிப் பக்கத்திலும் பூசினார். ஒரு பள்ளத்தில் சிறு குமிழி ஒன்று எழுந்து, ஊதி, உடைந்தது. அதே இடத்தில் இன்னொன்று. பிள்ளை அதைத் தொட எட்டினாள்.

"இஞ்சை ஏதோ குத்தியிருக்கு." அண்ணை குறட்டால் பிடித்து இழுத்தார். சீறிக்கொண்டு காற்று வெளியே வந்தது. அவர் அதைத் துடைத்து என் உள்ளங்கையில் வைத்தார். "ஊசி. பாருங்கோவன், தைக்கிற ஊசி. உது எப்பிடி றோட்டிலை வந்தது?"

பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. தடிப்பும் முறிந்த வாயும் அதேதான். அன்று முறிந்த பாதி நிலத்தில் விழவே இல்லை. தேசிக்காய்க்குள் இருந்திருக்கிறது. கோர்க்க முடியாத அந்தக் காயை நான்தான் மிச்சத்தோடு சேர்த்துச் சில்லுக்கு வைக்கக் கொடுத்தேன்.

"ஆரேன் எறிஞ்சிருப்பினம்" என்றேன்.

என் குரல் எனக்கே கேட்டது. அண்ணை தலையாட்டிவிட்டு வண்டியைத் தூக்கும் ஜக்கை எடுக்கப் போனார். மாற்றுச் சில்லைப் பூட்டி, இரண்டுக்கும் மூன்றரை வைத்து, படங்கைப் போர்த்தினோம். அவர் இரட்டை முடிச்சுப் போட்டார். போட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.

ரெயிலில் அந்த ஊசித் துண்டைக் கடதாசியில் சுற்றிப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டு வந்தேன். பிள்ளை மடியில் நித்திரை. எட்டுக் கிழமையாக ஒரு மனிதரைக் கள்ளன் என்று நினைத்ததைவிட, பிடிபட்ட இடத்தில் பொய் சொன்னதுதான் உள்ளே அறுத்தது. சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? நீங்கள் வைத்த பொறியில் என்னைப் பிடிக்கப் பார்த்தீர்களே என்று கேட்டிருப்பாரோ? வேண்டுமென்றே செய்தேன் என்றுகூட நினைக்கலாம். அவர் ஏற்கெனவே அப்படித்தானே நினைத்திருந்தார்.

வீட்டில் கணவரிடம் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் ஊசியை மின்விளக்குக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்துவிட்டு, "இதைத் தேடித்தானோ அந்தக் கிழமை முழுக்கக் கம்பளத்தைப் புரட்டினனீர்?" என்றார். ஓம் என்றேன். அவர் போய்ப் பிள்ளையைக் கட்டிலில் பார்த்துவிட்டு வந்தார். பிறகுதான் சிரித்தார். "அச்சடியும். முதல்லை அந்தக் கடிதத்தை அச்சடியும்."

புதன்கிழமை பின்னேரம், உணவகத்தில் மத்தியான வேலை முடிகிற நேரம், பின்கதவடியில் போய் நின்றேன். அண்ணை நனைந்த மேலங்கியோடு வந்தார். கடிதத்தை நீட்டினேன். அவர் கையைத் துடைத்துத் துடைத்து ஈரம் போகவில்லை. கடைசியில் இரண்டு விரலால் ஓரத்தில் பிடித்தார். அவர் வாங்கிய பிறகு ஊசியைப் பற்றிச் சொன்னேன். கடிதத்துக்கு விலையாகச் சொல்வதுபோல இருக்கக் கூடாது என்று நினைத்தேன். முறிந்தது, தேடினது, அணையாடையைக் கிண்டினது, தேசிக்காய், நான் சொன்ன பொய், எல்லாம் ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன்.

அவர் கடிதத்தை ஈரம் படாமல் தள்ளிப் பிடித்தார். "மூண்டு நாள் கிண்டினனீங்களோ?" என்று கேட்டார்.

"ஓம்."

"பிள்ளையின்ரை வயித்துக்கை போகேல்லைத்தானே. ரயருக்கை போனதுதானே. விடுங்கோ." பிறகு உள்ளே திரும்பப் போனவர் நின்று, "அடுத்த வருசம் தேசிக்காயை நானே வாங்கிறன், தங்கச்சி" என்றார்.

சனிக்கிழமை கணவரிடம் சொல்லி அனுப்பியிருந்தார்: "கடிதம் சரியாம் எண்டு தங்கச்சியிட்டைச் சொல்லு."

சரியாம். யாரிடமோ கொண்டுபோய் வாசிப்பித்துக் கேட்டிருக்கிறார். எனக்குச் சுருக்கென்றது. கையெழுத்து என்னுடையது, முத்திரை என்னுடையது, அதில் என்ன பிழை இருக்கும்? பிறகு யோசித்துப் பார்த்தேன். நானாக இருந்தால் இரண்டு பேரிடம் காட்டியிருப்பேன்.

டிசம்பரில் கோப்பை வாங்கிக்கொண்டார்கள். பதில் இன்னும் வரவில்லை. லா கூர்னேவில் கடைக்கார அக்கா கண்ட வெள்ளை வண்டி யாருடையது என்றும் தெரியவில்லை.

கொம்பிரசரை இப்போது திரான்சியில் விட்டிருக்கிறேன். ஒவ்வொரு ஞாயிறு காலையும் அண்ணையிடம் இருந்து கைபேசியில் ஒரு படம் வரும். அழுத்தம் காட்டும் முள், மூன்றரையில். நான் கேட்டதில்லை, அவராகவே அனுப்புகிறார். முதல் படம் வந்தபோது எனக்குக் கண் கலங்கியது. பிறகு படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். முள் மட்டும்தான் தெரிந்தது. எந்தச் சில்லில் வைத்து எடுத்தார் என்று தெரியவில்லை. நன்றி அண்ணை என்று எழுதினேன். அதை அனுப்பிவிட்டு, அடுத்த முறை சில்லும் தெரிகிற மாதிரி எடுங்கோ என்று எழுதி, அழித்து, திரும்ப எழுதி அனுப்பினேன்.

அடுத்த ஞாயிறு இரண்டு படங்கள் வந்தன. இடம் ஒன்று, வலம் ஒன்று. இரண்டிலும் சில்லோடு சேர்ந்து, அவருடைய இரட்டை முடிச்சும் தெரிந்தது.